கோ பீப்பாவின் முதல் டம்ளர்

இந்த யாங்கோனில் மனைவியின் நாக்கை மட்டும் நம்பி பீர் காய்ச்சிய ஒரே மனிதர் எங்கள் கோ பீப்பாதான். கோ என்றால் இங்கே அண்ணன். பீப்பா என்பது தெரு வைத்த பெயர். வேறு யாராவது அப்படி இருந்தால் எழுதிப் போடுங்கள், நேரில் வந்து கும்பிடுகிறேன்.

தாமுவே பேட்டையில் எங்களுக்கு எதிர் மாடி. குளிர்ப்பெட்டி ரிப்பேர் தொழில். ஏதோ ஓட்டலில் கழித்துப்போட்ட ஐந்து லிட்டர் எஃகுப் பீப்பாய்கள் ஆறை வாங்கி வந்து வீட்டிலேயே பீரும், சந்தையில் அடிபட்டுக் கிடக்கும் ஆப்பிளில் சைடரும் போட்டார். கரண்ட் போனால் பீப்பாய்களை த்வாண்டே ஊரில் சுட்ட பெரிய மண்தொட்டியில் இறக்கி ஈரச்சாக்கு போர்த்துவார்.

"பெருசா ஒண்ணு வாங்கக் கூடாதா?" என்றால், "பெருசுல போட்டா தப்பும் பெருசாப் போயிடும்ல" என்பார்.

ஒருமுறை சர்க்கரை கூடிப்போய் அடைப்பான் பிய்த்துக்கொண்டு பறந்தது. எங்கள் கொடியில் காய்ந்த லுங்கி அத்தனையும் பீரில் நனைந்தன.

அவருக்கு எதைக் குடித்தாலும் நன்றாகத்தான் இருக்கும். தீர்ப்புச் சொல்வது அவர் மனைவி செல்வி அக்கா. ஒரே மடக்கு. பிடிக்காவிட்டால், "கொட்டுங்க." மறுபேச்சில்லாமல் கொட்டிவிடுவார்.

பிறகு அந்தக் காய்ச்சல் வந்தது. அக்காவுக்கு மூச்சு விட முடியவில்லை. ஆக்ஸிஜன் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற இடத்திலேயே கோ பீப்பா மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டார்: இவள் பிழைத்தால் இனி ஒரு சொட்டும் தொடமாட்டேன். அக்கா பிழைத்தார். ஆனால் வாசனையும் ருசியும் போய்விட்டன. மீன் குழம்பும் வெந்நீரும் ஒன்றாகி, பாதிச் சோற்றில் எழுந்துவிடுவார். உடம்பு துரும்பாகிவிட்டது.

"இனி காய்ச்சுறதை விட்டுடுங்களேன்," என்றேன்.

"குடிக்க மாட்டேன்னுதான்யா வேண்டிக்கிட்டேன், காய்ச்ச மாட்டேன்னு வேண்டிக்கலை. அவளுக்கு என்னிக்காவது ருசி திரும்பும். அன்னிக்கு வீட்ல ஒண்ணும் இல்லாம இருக்கக் கூடாது."

ஒவ்வொரு பீப்பாயிலும் முதல் டம்ளர் அக்காவுக்கு. "தண்ணி மாதிரி இருக்குங்க" என்பார். மிச்சம் எங்களுக்கு. ருசி பார்க்க ஆளில்லாத சரக்கு, கேட்கவா வேண்டும்? ஒன்று சோப்புத் தண்ணீர், அடுத்தது துருப்பிடித்த ஆணி. ஆனால் பர்மாக்காரர்கள் 'ஆனாடெ' என்பார்களே, முகத்துக்கு நேரே குறை சொல்லக் கூசும் அந்தக் குணம், அது எங்களுக்கும் ரத்தத்தில் ஊறிவிட்டது. "கௌங்டெ! ரொம்ப நல்லாருக்கு!" என்று தெருவே கண்ணில் நீர் முட்டக் குடித்தது. இரண்டு வருஷம் ஐயா, முழுசாக இரண்டு வருஷம்!

ஒரு மழைக்கால ஞாயிற்றுக்கிழமை சைடர் பீப்பாய் திறந்தார். டம்ளரை வாயருகே கொண்டுபோன அக்கா சட்டென்று நிறுத்தி மூக்கைச் சுருக்கினார். ஒரு வாய் குடித்தார்.

"ஐயே! காடியாப் புளிக்குது! கொட்டுங்க!"

பழக்கதோஷம், நான் முந்திக்கொண்டேன். "இல்லக்கா, கௌங்டெ..."

"சும்மா இரு தம்பி. இதை எப்படித்தான் குடிக்கிறீங்களோ!"

கோ பீப்பா கிட்டே வந்தார். "இன்னொரு தடவை சொல்லு," என்றார். அக்கா சொன்னார். "இன்னொரு தடவை." மனுஷன் பீப்பாயைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதார்.

அக்கா கொட்டச் சொல்லியும் அன்று மட்டும் அவர் கொட்டவில்லை. நான் என் டம்ளரை நீட்டினேன். அவர் காய்ச்சியதில் நான் மனசாரக் கேட்டு வாங்கிக் குடித்தது அந்த ஒரு டம்ளர்தான்.