லேபிள் ஒட்டிய உயில்

அன்புள்ள மச்சானுக்கு,

நீயும் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நலமாக இல்லாவிட்டாலும் அதைக் கேட்கும் மனநிலையில் இப்போது நான் இல்லை. உன் அக்கா சுகம். கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின் மேல் உட்கார்ந்து இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். நாற்காலி என்ன ஆயிற்று என்று கேட்பாய். எல்லாம் உன்னால் வந்த வினை.

"அத்தான், வயசாகுது, ஒரு உயில் எழுதி வச்சிடுங்க. நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா அக்கா நடுத்தெருவுல நிக்கக் கூடாது" என்று போன முறை வந்தபோது ஓதிவிட்டுப் போனாயே, அந்தப் பயம்தான் என்னைப் பிடித்து ஆட்டியது. பிள்ளைகள் மூவரும் நல்லவர்கள்தான், ஆனால் என் பிள்ளைகள் ஆயிற்றே. வீட்டை விற்றுப் பங்கு போட்டுக்கொண்டு, உன் அக்காவை மாதம் ஒரு வீடாகப் பந்தாடிவிட்டால் என்ன செய்வது? மறுநாளே வக்கீலிடம் போனேன். மனிதர் கேட்ட முதல் கேள்வி, "வீடு உங்க பேர்லதானே இருக்கு?" எனக்குச் சுருக்கென்றது. "பின்ன, பக்கத்து வீட்டுக்காரன் பேர்லயா இருக்கும்?" என்றேன். அதற்குமேல் பாவம் அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. சொத்தைப் பெறப்போகிறவன் சாட்சிக் கையெழுத்துப் போடக் கூடாது, அக்கா உள்ளவரை வீட்டில் அவள் இருக்கலாம், அப்புறம்தான் பிள்ளைகளுக்கு என்று எழுதலாம், உயில் நான் போன பிறகுதான் பேசும், அதுவரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம் என்று பொறுமையாகச் சொன்னார். கடைசியில், "வீட்டுச் சாமான்லாம் யார் யாருக்குன்னு குறிச்சுக்கிட்டு வாங்க" என்றார். அங்கேதான் ஆரம்பித்தது கூத்து.

காலமெல்லாம் உதிரிபாகக் கிடங்கில் ஸ்டோர்கீப்பராக இருந்தவனுக்குத் தாளில் குறிக்கவா வரும்? வீடு முழுக்க லேபிள் ஒட்டினேன். ஃபிரிட்ஜ் மூத்தவனுக்கு, நாற்காலிகள் மகளுக்கு, கட்டில் சின்னவனுக்கு. ஒட்டியதோடு விட்டேனா, மூவருக்கும் போன் போட்டுப் பெருமையாகச் சொல்லியும் வைத்தேன். கிடங்கில் என் சட்டம் உனக்கே தெரியும். ஒரு பிரிவின் பெயர் எழுதி லேபிள் ஒட்டிவிட்டால் அது அந்தப் பிரிவின் சரக்கு, வந்து தூக்கிக்கொண்டு போகாவிட்டால் நானே கத்துவேன். வெளியே போகக் கூடாத சாமானுக்கு மட்டும் சிவப்பு மையில் 'கொடுப்பதற்கில்லை' என்று எழுதி ஒட்டுவேன். இந்தப் பெருமையைச் சாப்பாட்டோடு ஊட்டித்தான் மூன்றையும் வளர்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மூத்தவன் வண்டியோடு வந்து ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினான். "டேய், நான் இன்னும் சாகலடா!" என்றேன். "அது தெரியுதுப்பா. லேபிள் ஒட்டின சரக்கு கிடங்குல தூங்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க?" என்றான். உள்ளே இருந்த பாலை மட்டும் நாணயமாக வெளியே எடுத்து வைத்தான். சேதி எட்டியதும் மகள் வந்துவிட்டாள். "அண்ணன் மட்டும் எடுத்துட்டுப் போவான், நான் என்ன இளிச்சவாயா?" மருமகன் மரியாதை தெரிந்தவர், நான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தொடவில்லை. தண்ணீர் குடிக்க நான் எழுந்திருக்கும்வரை காத்திருந்தார். சாயங்காலம் சின்னவன் கட்டிலைக் கழற்றினான். உன் அக்கா தடுத்தாளா? திருகாணிகளைப் பொட்டலம் கட்டி, "தொலைச்சிடாதே" என்று அவன் கையில் வேறு கொடுத்தாள். மூன்றில் ஒன்றாவது "அம்மா எங்க படுப்பாங்க?" என்று கேட்டதா? கேட்கவில்லை மச்சான். அதுதான் என் வயிற்றெரிச்சல். சாமான் போனால் மயிரே போச்சு என்று விடுவேன், இதை எப்படி விடுவேன்?

ஆகவே முடிவு செய்துவிட்டேன். நாளைக் காலை வக்கீலிடம் போகிறேன். மூவருக்கும் ஒரு செங்கல்கூடக் கிடையாது. என் வீடு முழுக்க உன் அக்காவுக்கே. உயிலை நிறைவேற்றும் பொறுப்பு உன்னுடையது. ஆரம்பித்து வைத்தவன் நீ, முடித்தும் வை.

வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு. குழந்தைகளுக்கு ஆசிகள். ஆசியோடு சரி, அத்தை வீட்டிலிருந்து வேறொன்றும் எதிர்பார்க்க வேண்டாம் என்றும் சொல்லிவை.

இப்படிக்கு,
இன்னும் உயிரோடு இருக்கும்
உன் அத்தான்

பின்குறிப்பு: உறையில் போடும் முன் உன் அக்காவுக்கு இதை வாசித்துக் காட்டினேன். "வீட்டை எனக்குத் தர்றீங்களா? அது எப்பவும் என்னுதுதானே?" என்றாள். நண்பனின் கடனுக்கு ஜாமீன் போட்டு நான் விழித்துக்கொண்டிருந்த வருஷம் வாங்கிய வீடு, கடன்காரன் கை வைக்கக் கூடாதென்று அவள் பேரிலேயே பத்திரம் முடித்தோமாம், எனக்குத்தான் மறந்துபோயிற்றாம். கூட நின்று சாட்சிக் கையெழுத்துப் போட்டவனே நீதானாம்! அக்கா நடுத்தெருவில் நிற்பாள் என்று பயமுறுத்தினாயே பாவி, இத்தனை வருஷமும் அவள் வீட்டில் நான்தான் ஒண்டிக்கொண்டிருக்கிறேன். அவள் போனை எடுத்து மூவரிடமும் ஒரே வார்த்தைதான் சொன்னாள்: "என் வீட்டுலருந்து எடுத்த சாமான் இருட்டுறதுக்குள்ள வந்து சேரணும்." வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்கிறது. "அப்ப நான்?" என்று மெதுவாகக் கேட்டேன். சிவப்புப் பேனாவை எடுத்து ஒரு லேபிளில் என்னவோ எழுதி என் சட்டைப்பையின் மேல் ஒட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். குனிந்து பார்த்தேன். 'கொடுப்பதற்கில்லை.'