ஸ்பேனருக்குக் காது கேட்காது

அன்பும் மரியாதையும் நிறைந்த மைத்துனர் லெஸ்டர் அவர்களுக்கு,

வில்ஃப்ரெட் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதுவதுதான் முறை, அதனால் சுகம். உங்கள் தங்கை எஃபியும் சுகம், யாரோடும் பேசுவதில்லை, அவ்வளவுதான். நகரத்தில் அக்காவும் உங்கள் முழங்காலும் சௌக்கியமா?

இந்தக் கடிதத்தையும் நாய்களையும் பக்கத்து வீட்டு கிளெமென்ட் படகில் பாலம் வரைக்கும் கொண்டுவந்து உங்களிடம் ஒப்படைப்பான். நான் வரவில்லை, இடுப்பு சரியில்லை, காரணம் கீழே வருகிறது. இந்த வருடமும் ஆற்றில் சால்மன் பிடிக்கத் தடை. குளிர்காலம் முழுக்க நாய்கள் தின்பது அந்த மீனைத்தான். அது இல்லாமல் பனிவண்டி இழுக்கும் பந்தய நாய்களை வைத்துக் காப்பாற்ற எங்களால் ஆகாது. நாய்களின் குளிர்காலக் காலுறைகளைத் தைத்துக்கொண்டிருந்த எஃபி, "இனிமே பந்தயம் வேணாம்" என்றாள். சொல்லிவிட்டு, கையில் இருந்த காலுறையையும் தைத்து முடித்து நூலைக் கடித்தாள். ஆகவே உங்கள் நண்பர் இர்வின் சுற்றுலாக்காரர்களை நாய்வண்டியில் ஏற்றி ஓட்டுகிற இடத்துக்கு எல்லா நாய்களையும் அனுப்புகிறோம். ஸ்பேனரை மட்டும் அனுப்பவில்லை. பாசம் என்று தப்பாக நினைக்க வேண்டாம் மச்சான். இர்வினின் மானம் கப்பலேறிவிடக் கூடாதே என்ற நல்லெண்ணம்தான்.

நட்டு, போல்ட் என்று கருவிப் பெயராக வைத்தோமே, அந்த ஈற்றில் மூத்தவன் இவன். எல்லா நாய்க்கும் முன்னால் ஓடி வழிகாட்டுகிறவன் என்று ஊரெல்லாம் பெயர். இப்போது ஒன்றுக்கும் உதவ மாட்டான். பல் ஆடுகிறது. வாயு வேறு; வண்டியில் அவனுக்குப் பின்னால் உட்காருகிற சீமாட்டி மயங்கி விழுந்தால் இர்வின்தான் பதில் சொல்ல வேண்டும். புத்தியும் மழுங்கிவிட்டது. இந்தக் கோடை முழுக்க நான் சின்ன வலையில் கிடைத்த பொடி மீனை அரிசியோடு டிரம்மில் வேகவைத்து ஊற்றினேன். மற்றவை முகத்தை விட்டுத் தின்னும். இவன் தன் தட்டைப் பார்த்தபடி நிற்பான், கடைசி நாய்க்கு ஊற்றிய பிறகுதான் வாய் வைப்பான். தின்னவே மறந்துபோகிற நாயை வைத்துக்கொண்டு இர்வின் என்ன செய்வார்? எல்லாவற்றுக்கும் மேலே, அவனுக்குக் காது சுத்தமாகக் கேட்காது. இதற்குச் சாட்சி இருக்கிறது.

காற்றில் குளிர் ஏறியதுமே நாய்கள் ஓட வேண்டும் என்று ஊளையிட ஆரம்பித்துவிட்டன. சும்மா கிடந்த உடம்போடு அனுப்பினால் நன்றாக இருக்காது என்று, பனி விழும் முன் வழக்கமாகச் செய்வதுபோல் நாலுசக்கர மோட்டார் வண்டியின் முன்னால் பூட்டினேன். பூட்டி முடிக்கும்வரை வண்டியை எதிலாவது கட்டி வைக்க வேண்டும் அல்லவா, மீன் புகைபோடும் கொட்டகையின் கம்பத்தில் கட்டினேன். எல்லா வருடமும் அதில்தானே கட்டுகிறேன்? எஃபி வாசலில் வந்து நின்று, "யோவ், அதுலயா கட்டுன? உள்ள ஒண்ணுமே இல்லையேய்யா!" என்று கத்தினாள்.

"மீன் இல்லாட்டி என்ன, கம்பம் கம்பந்தானே?" என்றேன்.

மற்ற வருடங்களில் கூரையிலிருந்து முழங்கால்வரை மீன் தொங்கும், அந்தப் பாரத்தில் கொட்டகை அசையாது. இந்த வருடம் அது வெறும் கூடு என்பது எனக்கு உறைக்கவே இல்லை. நாய்கள் ஒரு இழு இழுத்தன. கொட்டகை படுத்துவிட்டது. வண்டி போயிற்று, பின்னால் கம்பம் போயிற்று, எது நடந்தாலும் கையை மட்டும் விடாதே என்று பழகிப்போன நானும் கயிற்றைப் பிடித்தபடி வயிற்றால் உழுதுகொண்டே போனேன். கூரையில் தகடு அடித்துக்கொண்டிருந்த கிளெமென்ட், "ஏய் வில்ஃப்ரெட்டு, வீட்டையும் கூட்டிக்கிட்டு எங்கடா கெளம்பிட்ட?" என்றான். பாதை பிரிகிற இடத்தில் "வலது! வலது!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ஸ்பேனர் இடது பக்கம் திரும்பினான். காது கேட்கிற நாய் செய்கிற வேலையா இது? ஒரு புதருக்குள் நான் கழன்று விழுந்தேன்.

இடது பக்கம் போனால் எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும். நானும் எஃபியும் படகில் போய்ப் பார்த்தபோது, கோடையில் நாம் மீன் பிடிக்கத் தங்குகிற கரையில் எல்லாம் இருந்தன. இந்த வருடம் நாங்கள் அங்கே போகவே இல்லை. ஆற்றோட்டத்தில் சுழன்று மீன் அள்ளும் சக்கரம் கரையில் புல் மண்டிக் கிடந்தது. அதன் பக்கத்தில், கம்பமும் வண்டியும் பின்னால் கிடக்க, எல்லா நாய்களும் ஆற்றைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூடக் குரைக்கவில்லை. மீனுக்குக் காத்திருந்தன மச்சான். பந்தயத்தில் விரல் உறைந்து கறுத்தபோதுகூட அழாத உங்கள் தங்கை அன்றைக்கு அழுதாள். நானும்தான், எனக்கு இடுப்பு வலி. பிறகு அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தூரத்தில் நின்றபடியே, "வீட்டுக்கு" என்று மெல்லச் சொன்னாள். ஸ்பேனர் எழுந்து மொத்த வரிசையையும் திருப்பிவிட்டான். கொசு கடித்து எழுந்திருப்பான், வேறொன்றும் இல்லை.

ஆகவே அவன் இங்கேயே கிடக்கட்டும். ஒரு நாய் தின்கிற அளவுக்குச் சின்ன வலையே கொடுக்கும். எல்லாக் கட்டுத்தறியும் காலியாகிவிட்டால் எஃபி காலையில் எழுந்து யாரைப் பார்ப்பாள்? எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. உங்கள் பக்கத்துப் பனிக்கட்டி உங்கள் காலடியில் உடையாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
இடுப்பொடிந்த மைத்துனன்
வில்ஃப்ரெட்

பி.கு.: கரையில் நின்று எழுதுகிறேன், கிளெமென்ட் அவசரப்படுத்துகிறான். நாய்கள் படகில் ஏற மாட்டேன் என்கின்றன. தூக்கிப் போட்டால் குதித்து இறங்குகின்றன. போல்ட் என் கையைக் கடித்துவிட்டான். எஃபி போய் ஸ்பேனரை அவிழ்த்துவிட்டாள். அவன் நடந்து வந்து முதல் ஆளாகப் படகில் ஏறினான். மற்றவை பின்னாலேயே ஏறிவிட்டன. அவனை இறக்கப் போனேன். "விடுய்யா. அவன் இல்லாம அதுங்க போகாது. அவனே கூட்டிக்கிட்டுப் போகட்டும்" என்றாள்.

அதனால் ஸ்பேனரும் வருகிறான். மேலே எழுதியதில் அவனைப் பற்றிச் சொன்னது அத்தனையும் பொய். பல் நன்றாக இருக்கிறது. தீனியை மற்றவற்றுக்கு முதலில் போடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அவன் தின்ன மாட்டான். ஒன்றே ஒன்று, "வீட்டுக்கு" என்ற சொல்லை அங்கே யாரும் அவன் பக்கத்தில் சொல்ல வேண்டாம். எவ்வளவு மெல்லச் சொன்னாலும் அவனுக்குக் கேட்டுவிடும்.