வானத்துக்குக் கமரா பூட்டியவர்

நம்மிடையே வானங்காவலர் என்றோர் இனம் உண்டு. வானத்தை யாரும் களவெடுத்ததாக இதுவரை முறைப்பாடு இல்லை. ஆனாலும் காவல் இருக்கிறார்கள். அடையாளம் காண்பது சுலபம்: இவர்கள் ஒருபோதும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

நாவற்குடா வினாயகமூர்த்தியை எடுத்துக்கொள்ளுங்கள். தபால் கந்தோர் வேலையிலிருந்து இளைப்பாறிய மறுமாதமே, கவிழ்த்த கண்ணாடிக் கோப்பைக்குள் மல்லாந்து படுத்தபடி வானம் முழுவதையும் ஒரே வட்டமாகப் படம்பிடிக்கும் கமராவொன்றை வாங்கி, மொட்டைமாடியில் பூட்டி, எரிகல் ஒன்றைப் பிடித்து உலகத்துக்கு அனுப்பப்போவதாக ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு சொல்லிவைத்தார்.

மழை தூறுகிறதா? முற்றத்தில் நனைந்துகொண்டே கைப்பேசியைத் தட்டிப் பார்த்து, "ஓம், தூறுதுதான்" என்பார். காலையில் தேநீர் ஆற ஆற முதல்நாள் இரவுப் படத்தை ஓட்டி, "எரிகல்!" என்று துள்ளுவார். ஒருநாள் அது மின்மினி. ஒருநாள் வௌவால். இன்னொரு நாள் பிடிபட்டதற்கு வால்வெள்ளி என்று பெயர் வைக்கும் வரை போய்விட்டார்.

மனைவி அன்னப்பூரணி எட்டிப் பார்த்தாள். "இஞ்சேருங்க, இது காக்கா எச்சம். போய்த் துடைச்சிட்டு வாங்க."

எரிகல் சிக்காததற்குக் குற்றவாளி யார்? வெளிச்சம்தான்! கெஞ்சியும் கோபித்தும் அயல்வீட்டு வாசல் விளக்குகளை எல்லாம் அணைப்பித்தார். ஒழுங்கை இருண்டது. இரண்டு பேர் வேலியில் முட்டினார்கள். மூன்று மாதம் பொறுத்த எதிர்வீட்டுச் சீதேவிப்பிள்ளை வாசற் படலையில் வந்து நின்றாள்.

"அண்ணன், சித்திரை வருசத்துக்குள்ள ஒரு எரிகல்லக் காட்டுங்க. இல்லாட்டி நாங்க லைற்றப் போட்டுருவம். மறுகா எங்களோட கோவிக்கப்படா."

மனிதர் பதறிப்போனார். விளக்கு எரிந்தால் வானம் போச்சு. மானமும் போச்சு.

வருசத்துக்கு முதல்நாள், மாலை ஏழு மணி. கண்ணாடியில் உப்பு ஈரம் படிந்திருப்பதைக் கைப்பேசியில் கண்டு, பழைய சேலைத் துண்டோடு மாடிக்கு ஓடி, குனிந்து, ஊதி, துடைத்து, மறுபடியும் ஊதிக்கொண்டிருந்தபோது, ஒழுங்கை முழுவதும் "ஐயோ!" என்று அலறியது. இருட்டில் செய்ய வேறு வேலையில்லாமல் முற்றங்களில் நின்று வானம் பார்த்துக்கொண்டிருந்த சனம், பச்சை வாலோடு ஒரு நெருப்புக்கட்டி வாவியைத் தாண்டி மேற்கே போவதைக் கண்ணாரக் கண்டது.

வினாயகமூர்த்தி? நிமிரவில்லை. "என்ன சத்தம்?" என்றபடி கைப்பேசியைத்தான் எடுத்தார்.

படம் விழுந்திருந்தது. வட்டம் நிறைய அவர் முகம். நடுவில் இரண்டு மூக்குத் துவாரங்கள். ஓரத்தில் காதுகள் மட்டும் பச்சையாக ஒளிர்ந்தன.

பாவம், கண் கலங்கிவிட்டது. ஒழுங்கை திரண்டு வந்து, படத்தைப் பார்த்துச் சிரித்து ஓய்ந்த பிறகு சீதேவிப்பிள்ளை தீர்ப்புச் சொன்னாள்.

"இனி நாங்க லைற்றுப் போடமாட்டம் அண்ணன். இப்படி இன்னும் ஒண்டு வந்தா நாங்களும் பாக்கணும். நீங்க மட்டும் மேல ஏறாதீங்க."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன திருவிழாவில் சுவாமி உங்கள் முன்னால் வந்தபோது கைகூப்பினீர்களா, கைப்பேசியைத் தூக்கினீர்களா? அந்தப் படத்தை இப்போது எடுத்துப் பாருங்கள். சுவாமியை மறைத்துக்கொண்டு பெரிதாய்த் தெரிகிறதே ஒரு விரல், அது உங்களுடையதுதான்.