நான்கு வண்டிகள் ஒருமனதாக எடுத்த முடிவு

அன்பு மகளுக்கு,

பெரியப்பாவின் ஆசிகள். நாங்கள் நலம். பீரோவும் நலம், அதனால்தான் இவ்வளவு சந்தோஷமாக எழுதுகிறேன்.

உன் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து நம் மரச்சாமான் கடைக்கு நீ அனுப்பிய, தானாக ஓடி, சுமையைத் தானே இறக்கிவைக்கும் நான்கு குட்டிச் சுமைவண்டிகளும் வந்த அன்றே, பல் டாக்டர் வீட்டுக்குப் போகவேண்டிய கண்ணாடிக் கதவு பீரோவை அவற்றின் முதுகில் ஏற்றினோம். "இதுங்களுக்குத் தலைவர்னு யாரும் கிடையாது பெரியப்பா, தங்களுக்குள்ளயே பேசி ஒரு முடிவுக்கு வந்துடும்" என்று நீ சொன்னபோதே எனக்கு நம்பிக்கை போய்விட்டது. நம் குடும்பத்தில் அப்படி ஒரு முடிவு வந்து நான் பார்த்ததில்லை. நினைத்தபடியே, கடை வாசலைத் தாண்டியதும் ஒரு வண்டி இடப்பக்கம் ஒதுங்க, அந்தச் சேதி மற்ற மூன்றுக்கும் தாமதமாகப் போய்ச் சேர, அவை இடப்பக்கம் திரும்புவதற்குள் முதல் வண்டி வலப்பக்கம் போயிருக்க, உடனே எல்லாம் வலப்பக்கம் பாய, ஒவ்வொரு தடவையும் ஆட்டம் கூடிக்கொண்டே போய், பீரோ குடித்தவன் மாதிரி நடுத்தெருவுக்கு வந்துவிட்டது. உன் பெரியம்மா அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கூடவே ஆடினாள். "கண்ணாடி உடஞ்சா உங்க மூஞ்சில முழிக்க மாட்டேன்!" என்று அவள் கத்த, நான் பிளக்கைப் பிடுங்க ஓட, ஓடுகிற வண்டிக்கு ஏதம்மா பிளக்? நம் தச்சர்தான் குறுக்கே கட்டையைப் போட்டு நிறுத்தினார்.

போனில் எல்லாவற்றையும் நீ சிரிக்காமல் கேட்டாயே, அதற்கே கோடி நன்றி. "அதுங்க காதுல விழறது பழைய சேதி பெரியப்பா. அதை நம்பி ஒரேடியா திரும்பினா ஆட்டம்தான். சேதி லேட்டா வந்தா, கொஞ்சம் கொஞ்சமாத்தான் திருத்திக்கணும். இங்கேருந்தே அதுங்க பதற்றத்தைக் குறைக்கறேன்" என்றாய்.

குறைத்தாய். அப்புறம் பார்க்கணுமே! தூங்குகிற குழந்தையைத் தூக்கிப் போகிற மாதிரி, பீரோ குலுங்காமல் டாக்டர் தெருவுக்குள் திரும்பியது. நாங்கள் கடை வாசலில் டீயோடு உட்கார்ந்துவிட்டோம். சற்று நேரத்தில் நான்கும் முதுகு காலியாக, வரிசையாகத் திரும்பி வந்தன. பெரியம்மா ஒவ்வொன்றையும் துடைத்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க அண்ணன் தம்பிங்க எல்லாரும் இதுங்ககிட்ட டியூஷன் போகணும்." சாமான் தூக்கி என் இடுப்பு விட்டுப்போனதிலிருந்து கடையை மூடிவிடலாமென்றே நினைத்திருந்தேன். இனி மூடமாட்டேன். அது உன்னால்தான், கண்ணு.

உன் படிப்பும் கைராசியும் பெருகட்டும். என் தம்பியையும் உன் அம்மாவையும் கேட்டதாகச் சொல்.

உன் பிரியமுள்ள பெரியப்பா

பி.கு.: கடிதத்தை உறையில் போடும்போது டாக்டர் வந்து, "பீரோ எங்கங்க?" என்றார். நான்கும் ஒருமனதாக அதைப் பக்கத்து வீட்டில் இறக்கிவிட்டு வந்திருக்கின்றன. கல்யாண நாளுக்குக் கணவர் ரகசியமாக வாங்கித் தந்த பரிசு என்று நினைத்து அந்த வீட்டு அம்மாள் கண்கலங்கி, துணியெல்லாம் அடுக்கிவிட்டாராம். கல்யாண நாளையே மறந்திருந்த கணவர் ஓடிவந்து, "வாயத் திறந்துடாதீங்க சார், நான் வாங்கினதாவே இருக்கட்டும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவரும் உனக்கு நன்றி சொல்லச் சொன்னார். டாக்டர் இன்னும் சொல்லவில்லை.