பென்சிலுக்குக் கொடுத்த தண்டனை

அந்த வாரத்துக்குள் ஓர் எழுத்தாளனை ஒழித்துக் கட்டியே தீருவது என்று லிப்ட்காரர் முடிவு செய்துவிட்டார். ஒழிக்க வேண்டிய எழுத்தாளனுக்கு வயது பதினொன்று. அவன் குடியிருந்தது ஒரு கதைப் புத்தகத்துக்குள். அதனால் கத்தி, கம்பு எதுவும் தேவைப்படவில்லை. ஒரு கட்டுரை போதும்.

லிப்ட்காரர் என்றால் லிப்டில் ஏறி இறங்குகிறவர் இல்லை. அது பாதி வழியில் நின்றுபோனால் கறுப்புப் பையைத் தூக்கிக்கொண்டு வந்து கிளப்பிவிடுகிறவர். ஊரில் பாதிப் பேர் மேலே போவதும் கீழே வருவதும் அவர் கையில்தான் இருந்தது. ஒரு மனுஷனுக்கு இந்தப் பெருமையே தாராளம். ஆனால் அவருக்கு இதைவிடப் பெரிய பெருமை ஒன்று உண்டு. தெருமுனை நூலகம் மாதாமாதம் நாலு பக்கத்தில் ஓர் இதழ் போட்டு வீடு வீடாக அனுப்பும். அதன் கடைசிப் பக்கத்தில் மூன்று வருஷமாக ‘மேலும் கீழும்’ என்று ஒரு கட்டுரை வருகிறது. எல்லாம் லிப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களின் கதை. எழுதுகிறவர் நம்ம லிப்ட்காரர்.

பேக்கரிக்காரர் ரொட்டியைச் சுற்றிக்கொண்டே, “சார், போன மாசம் அந்த மாமியாரும் மருமகளும் மூணாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு, வெளிய வரும்போது கை கோத்துக்கிட்டு வந்தாங்களே, அழுதுட்டேன் சார்!” என்பார். உடனே லிப்ட்காரரின் நெஞ்சு இரண்டு அங்குலம் மேலே போகும். அதைக் கீழே இறக்குவதற்குப் பொத்தான் கிடையாது.

இதில் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. அவர் எழுதுவதில்லை. சொல்லுவார். அவர் கையெழுத்து ஒயரிங் படம் மாதிரி இருக்கும், எந்தக் கம்பி எங்கே போகிறது என்று அவருக்கே தெரியாது. அதனால் அவர் கூடத்தில் நடந்துகொண்டே சொல்ல, மனைவி எழுதிக்கொடுப்பாள்.

அந்த மனைவிக்கு வேலை ஒரு கிளினிக்கில். டாக்டர் முணுமுணுப்பதைக் கேட்டு எழுதும் வேலை. அந்த டாக்டர் பாதி வார்த்தையை விழுங்கிவிட்டு மீதியைத்தான் வெளியே விடுவார். “டாக்டர் சொன்னதை எழுதினா நோயாளி பிழைக்க மாட்டான். டாக்டர் நினைச்சதை எழுதணும்” என்று வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே அவள் கற்றுக்கொண்டுவிட்டாள். கற்ற வித்தை வீட்டுக்கு வந்தால் மட்டும் விட்டுப்போகுமா? புருஷன் சொல்லுவதையும் அதே முறையில்தான் எழுதினாள். அவர் ஒரு மணி நேரம் சுற்றி வளைத்ததை ஒரு பக்கத்தில் அடக்கி, அழவேண்டிய இடத்தில் அழவைத்து, சிரிக்கவேண்டிய இடத்தில் சிரிக்கவைத்து, கீழே அவர் பெயரைப் போட்டு அனுப்பிவிடுவாள்.

அச்சில் வந்ததும் லிப்ட்காரர் படித்துப் பார்த்துப் பூரித்துப்போவார். “பாத்தியா? அச்சுல ஏறினதும் என் எழுத்துக்கே ஒரு களை வந்துடுது!”

“ஆமாங்க. மை அப்படி” என்பாள் மனைவி.

மூன்று வருஷத்தில் இரண்டே இரண்டு மாதம்தான் கட்டுரை வரவில்லை. குழந்தை பிறந்து மனைவி அவள் அம்மா வீட்டில் இருந்த சமயம் அது. அப்போதும் லிப்ட்காரர் அசரவில்லை. தன் கையாலேயே எழுதி அனுப்பினார். அவர் கெட்ட நேரம், அந்த இரண்டு மாதமும் நூலகத்தில் அச்சு மை தீர்ந்துபோய் இதழே வரவில்லையாம்.

இந்த நிலையில்தான் நூலக மேடம் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். ‘மேலும் கீழும்’ கட்டுரைகள் எல்லாவற்றையும் சேர்த்துப் புத்தகமாகப் போடப் போகிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை அதை அறிவிக்கக் கூட்டம். அந்தக் கூட்டத்தில் லிப்ட்காரர் சின்ன வயதில் படித்த புத்தகத்தைப் பற்றி ஒரு புதுக் கட்டுரை வாசிக்க வேண்டுமாம்.

லிப்ட்காரர் பறந்துகொண்டே வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு கட்டுப் புத்தகம். ‘மணிக்கூண்டு வீட்டுப் பிள்ளைகள்’, மொத்தம் ஒன்பது பாகம்.

“இதப் படிச்சுத்தான் நான் எழுத்தாளனானேன்” என்றார். “இதுல ஒரு பையன் வருவான். பேரு பென்சில். எப்பவும் காதுல பென்சில் செருகியிருப்பான். பெரிய எழுத்தாளனாகணும்னு கனவு. அவனைப் பாத்துத்தான் நானும் காதுல பென்சில் செருகினேன்.”

“இப்ப டெஸ்டர் செருகிக்கிறீங்க.”

“அது வளர்ச்சி.”

நாலு நாள் படித்தார். சாப்பிடும்போது படித்தார். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே படித்தார். முதல் மூன்று பாகத்துக்கு முகத்தில் ஒரே சிரிப்பு. நாலாம் பாகத்தில் புருவம் நெரிந்தது. ஏழாம் பாகத்தில் புத்தகத்தைப் பட்டென்று மூடினார்.

“அயோக்கியப் பயல்!”

தோளில் இருந்த குழந்தை திடுக்கிட்டு அவர் காதைப் பிடித்துக்கொண்டது.

“யாருங்க? பக்கத்து வீட்டுக்காரரா?” என்று மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

“பென்சில்! இவனுக்கு ஒரு தங்கச்சி. பொடிசுன்னு கூப்பிடுறாங்க. இவன் வாய்க்கு வந்ததைச் சொல்றான், அந்தப் பொண்ணு உக்காந்து அழகா மாத்தி மாத்தி எழுதுது. பரிசு வாங்குறது யாரு? இவன்! கைதட்டல் யாருக்கு? இவனுக்கு! சின்ன வயசுல இது என் கண்ணுல படவே இல்ல பாரு!”

மனைவியின் கையில் இருந்த சட்டை பாதி மடிப்பில் நின்றது.

“பாவம், அந்தப் பையனுக்குத் தெரியாம இருந்திருக்கும்.”

“அதெப்படித் தெரியாமப் போகும்? தான் சொன்னது என்ன, வந்தது என்னன்னு தெரியாதவன் எழுத்தாளனா? கழுதை!”

“அப்படியெல்லாம் திட்டாதீங்க.”

“ஏன் திட்டக்கூடாது? நீ ஏன் அவனுக்குப் பரிஞ்சு பேசுற?”

“பழக்கம்தான். சரி, அந்தப் பொடிசு என்னதான் செஞ்சிருக்கணுங்கிறீங்க?”

லிப்ட்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நீதிபதி தீர்ப்புச் சொல்லும் குரல் வந்துவிட்டது.

“ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவன் சொன்னதை அட்சரம் பிசகாம அப்படியே எழுதி அவன் கையில குடுத்திருக்கணும். நாலு பேர் முன்னாடி அவன் அதைப் படிக்கணும். அப்பத் தெரியும் அவன் வண்டவாளம்! அதான் அவனுக்குத் தண்டனை.”

“நிஜமாத்தான் சொல்றீங்களா?”

“நான் என்னிக்குப் பொய் சொன்னேன்?”

“அந்தப் பையன் வருத்தப்பட மாட்டானே?”

“பட்டாத்தான் புத்தி வரும்! நோட்டை எடு. சொல்றேன், எழுது.”

மனைவி நோட்டை எடுத்தாள். பேனா மூடியைக் கழற்றி, ஒரு நிமிஷம் அவரைப் பார்த்தாள். பிறகு எழுத ஆரம்பித்தாள். அன்றைக்கு அவள் கை நிற்கவே இல்லை. வழக்கமாக ஒரு பக்கத்தில் முடிகிற கட்டுரை ஏழு பக்கம் போனது.

“ஏழு பக்கமா!” லிப்ட்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. “கோபத்துல எழுத்து எப்படிப் பொங்குது பாத்தியா?”

“ஒரு தடவை படிச்சுப் பாத்துடுங்களேன்.”

“எழுத்தாளன் தன் எழுத்தைத் திரும்பிப் பாக்க மாட்டான்.”

ஞாயிற்றுக்கிழமை செருப்பு மாட்டும்போது இன்னொரு தரமும் சொல்லிப் பார்த்தாள். “மேல் ரெண்டு வரியாவது பாருங்க.”

“இந்தா பாரு, மூணு வருஷமா எழுதறவன் நான். எனக்கே பாடமா?”

அதற்கு மேல் அவள் என்ன செய்வாள்? குழந்தையின் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் நடந்தாள்.

நூலகத்தில் நாற்காலி போதாமல் புத்தக அலமாரிகளை நகர்த்தி இடம் செய்திருந்தார்கள். பேக்கரிக்காரர் முன்வரிசையில் கைக்குட்டையோடு தயாராக உட்கார்ந்திருந்தார். நூலக மேடம் நாலு வார்த்தை பாராட்டிப் பேசி மைக்கை நீட்டினார். லிப்ட்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டார். காகிதத்தை விரித்தார். அவர் வாசிக்கிற பாணியே தனி. பொத்தானை அமுக்கிவிட்டால் நடுவில் நிற்கிற பேச்சே கிடையாது.

“‘பெரியோர்களே, இல்ல, வேண்டாம், முதல்ல வணக்கம் போடு. போட்டியா? வணக்கம். நான் எழுத்தாளனானதுக்குக் காரணம் ஒரு பயல். பயல்னு போடாதே. சரி போடு, பயல்தான் அவன்.’”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஆரம்பத்திலேயே கூட்டத்தைப் பிடித்துவிட்டோம் என்று லிப்ட்காரருக்கு உற்சாகம் பிறந்தது. குரலை உயர்த்தினார்.

“‘இந்தப் பென்சில் என்கிறவன், அதாவது என்ன சொல்ல வந்தேன், ஆங், திருட்டுப் பயல். பாப்பா என் ஸ்க்ரூடிரைவரை வாயில வைக்குது பாரு! பிடுங்கு, பிடுங்கு! எங்க விட்டேன்? திருட்டுப் பயல். அதை எழுதிட்டியா? இன்னொரு தரம் எழுது, அழுத்தமா இருக்கட்டும்.’”

இப்போது சிரிப்பு பின்வரிசை வரைக்கும் போனது. லிப்ட்காரரின் காது சூடாயிற்று. இது என்ன சிரிப்பு? ஆனால் வாய் ஏற்கெனவே அடுத்த வரியில் இருந்தது.

“‘எழுத்துங்கிறது சாதாரண விஷயம் இல்ல. எழுத்து என்பது, அது வந்து, எப்படிச் சொல்றது, ஒரு மாதிரி, உனக்குத் தெரியுமே, அது. நீயே ஏதாவது நல்லதாப் போட்டுக்கோ.’”

லிப்ட் நின்றுவிட்டது.

நீயே ஏதாவது நல்லதாப் போட்டுக்கோ. இந்த மாதம் மட்டுமா சொன்னார்? போன மாதம் சொன்னார். அதற்கு முந்தின மாதமும் சொன்னார். மாமியாரும் மருமகளும் கை கோத்துக்கொண்டு வந்த கட்டுரையில் அவர் சொன்னது, “ரெண்டு பேரும் வெளிய வந்தாங்க, நான் பில் குடுத்தேன், மிச்சத்த நீயே ஏதாவது நல்லதாப் போட்டுக்கோ” என்பதுதான். அந்தக் கைகள் எப்படிக் கோத்துக்கொண்டன என்று இத்தனை நாளில் ஒரு தரம்கூட அவர் யோசித்ததில்லை.

தெரியாதவன் எழுத்தாளனா என்று யாரோ கேட்டது ஞாபகம் வந்தது. கழுதை என்று சொன்னதும் ஞாபகம் வந்தது.

அப்போது மனைவி இடுப்பில் குழந்தையோடு மேடையோரம் வந்தாள். குழந்தையின் பைக்குள் கைவிட்டு, மாற்றுத் துணிக்கும் பால் புட்டிக்கும் நடுவிலிருந்து ஒற்றைக் காகிதத்தை எடுத்து நீட்டினாள்.

“அது நீங்க சொன்னது. இது நீங்க எழுதினது” என்றாள் மெதுவாக. “இதப் படிங்க.”

லிப்ட்காரர் வாங்கினார். இந்தத் தடவை மெல்லப் படித்தார், தானும் முதல் முறையாகக் கேட்கிறவர் போல.

“‘பதினொரு வயதில் எனக்கு ஒரு நண்பன் இருந்தான். காதில் பென்சில் செருகியிருப்பான். இத்தனை வருஷம் கழித்து அவன் வீட்டுக்குத் திரும்பிப் போனேன். அவன் அதே பதினொரு வயதில் இருந்தான். எனக்குத்தான் கோபப்படும் வயதாகியிருந்தது. கதை சொன்னவன் அவன், எழுதியவள் தங்கை. அவன் ஓடியாடிக் கண்டதையெல்லாம் வந்து சொல்லாவிட்டால் அவளுக்கு எழுத எதுவும் இருந்திருக்காது. அவள் எழுதாவிட்டால் அவன் சொன்னது கூரையைத் தாண்டிப் போயிருக்காது. அவனை நான் திருடன் என்று சொல்ல மாட்டேன். அவன் செய்த தப்பு ஒன்றே ஒன்று. அட்டையில் இன்னொரு பெயருக்கு இடம் இருந்தது. அவன் பார்க்கவில்லை.’”

பேக்கரிக்காரர் கைக்குட்டையை எடுத்துவிட்டார். கைதட்டல் அலமாரிப் புத்தகங்களை அதிரவைத்தது. குழந்தையும் தட்டியது.

லிப்ட்காரர் மைக்கை விடவில்லை.  நெஞ்சு மறுபடி மேலே போனது. எப்போதும் போகிற இரண்டு அங்குலத்தைத் தாண்டி, மூன்று, நாலு என்று போய்க்கொண்டே இருந்தது.

“இத எழுதினது இவ. எல்லாத்தையும் எழுதினது இவதான். மேடம், புத்தக அட்டையில ரெண்டு பேர் பேரும் வரணும். இவ பேரு மேல, என் பேரு கீழ. மேலும் கீழும்னா அப்படித்தான் இருக்கணும்!”

மறுபடி கைதட்டல். மனைவி குழந்தையின் முகத்துக்குப் பின்னால் தன் முகத்தை ஒளித்துக்கொண்டு சிரித்தாள். புருஷன் இத்தனை பேர் முன்னால் தன்னைக் காட்டிச் சொன்னதில் அவளுக்கும் தலைகால் புரியவில்லை.

அதோடு அவர் கீழே இறங்கியிருக்கலாம். லிப்ட்காரர் ஆயிற்றே, இன்னும் ஒரு மாடி ஏறிப் பார்க்கலாம் என்று தோன்றிவிட்டது.

“இன்னொண்ணு மேடம். இவ இல்லாத அந்த ரெண்டு மாசம் நானே என் கையால எழுதி அனுப்பினேன் பாருங்க, அந்த ரெண்டையும் மறக்காம புத்தகத்துல சேத்துடுங்க. பாவம், மை தீந்துபோய் இதழே வராமப் போயிடுச்சு. அது மட்டும் வந்திருந்தா என் சொந்த எழுத்து எப்படின்னு ஊருக்குத் தெரிஞ்சிருக்கும்.”

நூலக மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மனைவியைப் பார்த்தார். பேக்கரிக்காரரைப் பார்த்தார். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்தாரோ என்னவோ, மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“அந்த ரெண்டு மாசமும் இதழ் வந்துச்சு சார். உங்க வீட்டுக்கு மட்டும்தான் அனுப்பலை.”