களிம்பு வெளியீட்டு விழா

மனிதகுலம் கிருமிகளோடு நடத்திவரும் நெடும்போரின் திருப்புமுனை எங்கே நிகழ்ந்தது என்று வருங்காலத்தில் யாராவது கேட்டால், கொழும்பு வெள்ளவத்தையில், ஒரு கல்யாண மண்டபத்தில் என்று தயங்காமல் சொல்லலாம். அப்போது வடக்கே இன்னொரு போரும் நடந்துகொண்டிருந்தது. அதற்கு இவ்வளவு அழகான அழைப்பிதழ் யாரும் அச்சடிக்கவில்லை.

அந்த வடக்குப் போரில் ஷெல் துண்டு கிழித்த காலோடு கொழும்புக்கு வந்து, லொட்ஜில் தங்கியிருந்தவர் தபாற்கந்தோரில் வேலைபார்த்த சிவபாதசுந்தரம். எந்த அன்ரிபயோட்டிக் கொடுத்தாலும் அவருடைய புண்ணிலிருந்த கிருமி வாங்கிச் சாப்பிட்டுவிட்டுக் கொழுத்தது. இன்னும் கொஞ்ச நாளில் ஆறாவிட்டால் காலை எடுக்கவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

டொக்டர் ஜெகதீஸ்வரி ஒரு வழி கண்டுபிடித்தார். மரமஞ்சள் சாறு தனியாகக் கிருமியை ஒன்றும் செய்யவில்லை. அன்ரிபயோட்டிக்கும் தனியாக ஒன்றும் செய்யவில்லை. இரண்டையும் கலந்தபோது ஆய்வுகூடத் தட்டில் கிருமி மிஞ்சவில்லை. அந்தக் களிம்பை முதலில் சிவபாதசுந்தரத்துக்குப் பூசிப்பார்க்க ஆஸ்பத்திரி அனுமதியும் கிடைத்தது. சேதி கேட்டு அவர் லொட்ஜ் படிக்கட்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார்.

ஆனால் ஆராய்ச்சிக்கு ‘அனுசரணை’ வழங்கியது மூலிகை மேம்பாட்டுக் கழகம். களிம்பு டப்பிகள் முழுவதும் கழகத் தலைவர் ஸ்ரீஸ்கந்தராசாவின் அலுமாரிக்குள் பத்திரமாகப் போய்ப் பூட்டிக்கொண்டன.

“ஐயா, ஒரு டப்பி தந்தால் இண்டைக்கே பூசத் தொடங்கலாம்” என்றார் சிவபாதசுந்தரம்.

“வெளியிடாத மருந்தை எப்பிடித் தம்பி பூசுறது? ஒரு முறை இருக்கெல்லே!”

“சேர், புண் முறை பார்க்காது” என்றார் ஜெகதீஸ்வரி.

“அதாலதான் பிள்ளை அது புண். நாங்கள் கழகம்.”

அழைப்பிதழில் மரமஞ்சளின் பெயர் முதலில் வருவதா, அன்ரிபயோட்டிக்கின் பெயரா என்று கழகம் இரண்டாகப் பிளந்தது. மரமஞ்சள் வயதில் மூத்தது என்றது ஒரு கட்சி. அதற்கு இங்கிலீஷ் தெரியாதே என்றது மற்றது. கடைசியில் இரண்டு விதமாகவும் அச்சடித்துச் சமாதானமானார்கள். அதற்குள் ஆடி பிறந்துவிட்டது.

“ஆடியில நல்ல காரியம் செய்யிறேல்லை. ஆவணியில வைப்பம்” என்றார் தலைவர். கிருமிக்குப் பஞ்சாங்கம் தெரியாது. அது ஆடி முழுக்க உழைத்தது.

ஆவணியில் விழா அமோகமாக நடந்தது. சிவபாதசுந்தரத்தைக் காய்ச்சலோடு முன்வரிசையில் இருத்தினார்கள். வாடை பொறுக்காமல் பக்கத்தில் இருந்தவர்கள் மெல்லப் பின்வரிசைக்குப் போனார்கள். களிம்பின் ‘முதற் பிரதி’யைப் புடைவைக்கடை முதலாளி நவரத்தினம் பெற்றுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவருக்கு உடம்பில் ஒரு கீறலும் கிடையாது. ‘சிறப்புப் பிரதிகள்’ பிரமுகர்களுக்குப் போயின. ஒருவர் அங்கேயே திறந்து முழங்கைச் சொறிக்குத் தடவிப் பார்த்தார்.

“ஐயா, எனக்கு?” என்றார் சிவபாதசுந்தரம்.

“உங்களுக்குப் பொன்னாடை” என்றார் தலைவர். “டப்பி முடிஞ்சுது. இரண்டாம் பதிப்பில முதற் பிரதி உங்களுக்குத்தான்!”

கைதட்டல் அடங்கக் கொஞ்சநேரம் எடுத்தது. அடுத்த கிழமை ஆஸ்பத்திரியில் அவருடைய காலை எடுத்தார்கள்.

கழகம் சொன்ன சொல் தவறாத கழகம். தை மாதம் இரண்டாம் பதிப்பு வந்தது. சிவபாதசுந்தரத்தை இருவர் தாங்கி மேடையேற்றினார்கள். முதற் பிரதியை அவர் கையில் கொடுத்து, “இப்ப ஏற்புரை” என்று ஒலிவாங்கியை நீட்டினார் தலைவர்.

சிவபாதசுந்தரம் டப்பியைப் பார்த்தார். மடித்துக் குத்தியிருந்த காற்சட்டையைப் பார்த்தார்.

“ஷெல் என்ர காலில ஒரு சின்னத் துண்டுதான் கேட்டது, ஐயா” என்றார். “முழுக்காலையும் கேட்டது உங்கட விழா.”