பதினோரு நாள் இங்கிலீஷ்

டிமரு,
திங்கட்கிழமை.

அன்புள்ள எல்ஸ்பெத் அக்காவுக்கு,

தம்பி டங்கன் எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சுகம். அங்கே உன் முழங்காலும், ஆடுகளும், அத்தானும் சுகமாக இருப்பதாக நம்புகிறேன். போனில் சொல்ல வேண்டியதை இவன் ஏன் கடிதமாக எழுதுகிறான் என்று நீ நினைக்கலாம். என் போன் இப்போது உயிரோடு இல்லை. அது போன கதையைக் கீழே சொல்கிறேன். யூலான் தன் போனைத் தருவதாகச் சொன்னாள். பெண்டாட்டியின் போனில் அக்காவோடு சண்டை போடுவது முறையல்ல என்பதால் பேனாவை எடுத்தேன்.

நீ அனுப்பிய பத்திரிகைத் துண்டு வந்து சேர்ந்தது. இரண்டு மொழிகள் குழந்தையைக் குழப்பும் என்ற வரிக்கு அடியில் சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டிருக்கிறாய். சின்ன வயதில் என் கணக்கு நோட்டிலும் இப்படித்தான் போடுவாய். மரியாதையோடு தெரிவித்துக்கொள்கிறேன்: அந்தத் துண்டை எட்டாக மடித்து சமையலறை மேசையின் குட்டைக் காலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். இப்போது மேசை ஆடுவதில்லை. அந்த வகையில் உனக்கு நன்றி.

குழந்தைக்கு இரண்டு வயது நாலு மாதம் ஆகியும் பேச்சு வரவில்லை என்று உனக்கு யார் சொன்னது? நான்தான் சொன்னேன், அது என் தப்பு. எனக்குச் சொன்னது அந்த நர்ஸ். பரிசோதனைக்குக் கூட்டிப்போன அன்று யூலானுக்கு மருந்துக்கடையில் வேலை, அதனால் நான் தனியாகப் போனேன். நர்ஸ் நல்ல பெண்மணிதான். பூனைப் படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டாள். நம் ஃப்ளோரா "மாவ்" என்றாள். அவள் அம்மாவின் சீனத்தில் பூனைக்குப் பெயரே அதுதான் அக்கா. நர்ஸ் என்ன எழுதினாள் தெரியுமா? விலங்கின் சத்தம் தெரிகிறது, பெயர் தெரியவில்லை என்று எழுதினாள். அடுத்து நாய்ப் படம். குழந்தை "கோ" என்றாள். அதுவும் சரியான சீனம். ஆனால் நர்ஸ் காதில் அது இங்கிலீஷில் போ என்று சொன்னதாக விழுந்தது. முகம் சுருங்கி "ஒத்துழைக்க மறுக்கிறாள்" என்று எழுதினாள். கடைசியில் நாலே சொல் தெரியும் என்று தாளை என் கையில் கொடுத்தாள். பால் லாரி ஓட்டுகிறவன் நான், எனக்கு என்ன தெரியும்? வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்து, முதல் வேலையாக உனக்குப் போன் செய்தேன்.

அடுத்தது உன் அறுபதாவது பிறந்த நாள் விருந்து. அதை ஊரெல்லாம் நீ எப்படிச் சொல்லிக்கொண்டிருக்கிறாய் என்று தெரியும். நடந்ததை நான் சொல்கிறேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த குழந்தை என் சட்டையைப் பிடித்து இழுத்து "நியாவ்" என்றாள். அந்தச் சொல்லைச் சொல்லும் குரல் கீழே இறங்கி மேலே ஏறினால் சீனத்தில் பறவை. மேலேயிருந்து படாரென்று விழுந்தால் மூத்திரம். எனக்கு ஏறுவதும் தெரியாது, விழுவதும் தெரியாது. வெளியே ஒரு குருவி உட்கார்ந்திருந்தது. "ஆமாம் கண்ணு, குருவி, நல்ல குருவி" என்றேன். மறுபடி சொன்னாள். மறுபடி குருவி என்றேன். மூன்றாம் முறை சொல்லிவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். அதற்குள் உன் வெள்ளை ஆட்டுத்தோல் விரிப்பு நனைந்துவிட்டது. இதில் பிள்ளை செய்த தப்பு எங்கே? மூன்று முறை முறைப்படி அறிவிப்பு கொடுத்திருக்கிறாள். மொழி தெரியாத மடையன் பக்கத்தில் இருந்ததுதான் தப்பு. ஆனால் நீ பாதிரியாரையும் விருந்தாளிகளையும் வைத்துக்கொண்டு யூலானைப் பார்த்துச் சொன்னாய்:

"ரெண்டு மொழியைப் போட்டுக் கலக்கினா பிள்ளைக்கு ஒண்ணும் வராதும்மா. பள்ளிக்கூடம் போற வரைக்கும் இங்கிலீஷ் மட்டும் பேசு. அவ நல்லதுக்குத்தான் சொல்றேன்."

யூலான் விரிப்பை எடுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் அலசினாள். காரில் வரும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"அண்ணி சொல்றது சரியா இருக்குமா? என்னாலதான் இவ பேசாம இருக்காளா?"

 "ம்" என்று சொல்லித் தொலைத்தேன். எதற்கும் நான் சொல்வதுதான் அது. அவள் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் திங்கட்கிழமை முதல் வீட்டில் இங்கிலீஷ் மட்டும். யூலானின் இங்கிலீஷில் ஒரு குறையும் கிடையாது, மருந்தாளர் பரீட்சைக்கே அதில்தான் படிக்கிறாள். ஆனால் அது மருந்துக்கடை இங்கிலீஷ் அக்கா. "ஃப்ளோரா, தயவுசெய்து உட்காரு. ஃப்ளோரா, இதைச் சாப்பிட விருப்பமா?" இருமல் மருந்து வாங்க வந்தவரிடம் பேசுவதுபோல் பெற்ற பிள்ளையிடம் பேசினாள். நிங்நிங் என்று செல்லமாகக் கூப்பிடுவதை நிறுத்தினாள். குளிப்பாட்டும்போது பாடுகிற பாட்டு நின்றது. மூக்கைப் பிடித்துக்கொண்டு இருவரும் ஏதோ சொல்லிச் சிரிப்பார்கள், அது என்னைப் பற்றித்தான் என்று எனக்கு எப்போதும் சந்தேகம், அதுவும் நின்றது. என்னைப் பற்றிச் சிரிக்க ஆளில்லாமல் போனது எனக்கே ஒரு மாதிரி இருந்தது. குழந்தைக்கு இருந்த நாலு சொல்லும் போய்விட்டது. சாப்பிடும்போது அம்மாவின் முகத்தையே பார்ப்பாள். பிறகு அம்மாவின் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பாள். எதையோ தேடுகிறாள் என்று மட்டும் எனக்குப் புரிந்தது.

பதினோராம் நாள், போன வியாழக்கிழமை சாயங்காலம், குழந்தை குளியலறைக்குள் போய் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். குழாய் திறந்து ஓடுகிற சத்தம். கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் வரத் தொடங்கியது. நான் வெளியே நின்று, தாழ்ப்பாளைத் தள்ளு, மேலே இருக்கு, பயப்படாதே என்று தெரிந்த இங்கிலீஷை எல்லாம் சொல்லிப் பார்த்தேன். திருப்புளியை எடுத்து வந்தேன், ஈரத்தில் அது வழுக்கி விழுந்தது. யூலான் ஓடி வந்தாள். "ஃப்ளோரா, தயவுசெய்து கதவைத் திறக்கிறாயா" என்றாள் இங்கிலீஷில். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் இல்லை, தண்ணீர் மட்டும் ஓடியது. இன்னொரு முறை சொன்னாள்.  பிறகு கதவை இரண்டு கையாலும் அடித்துக்கொண்டு சீனத்தில் கத்த ஆரம்பித்தாள். பதினோரு நாளாக அடக்கி வைத்திருந்தது மொத்தமும் வந்தது. குழாய் சத்தமே கேட்கவில்லை.

உள்ளே குழாய் நின்றது. பிறகு குழந்தை பேசினாள். ஒரு சொல், இரண்டு சொல் இல்லை. அடுக்கடுக்காக, மூச்சு விட்டு, நிறுத்தி, நிதானமாக, நகராட்சிக் கூட்டத்தில் அறிக்கை வாசிப்பதுபோல் பேசினாள். யூலான் கையை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே தண்ணீரில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன சொல்றா?" என்றேன்.

"அம்மா, கத்தாத. அப்பா போன் அழுக்கா இருக்கு. சோப்புப் போட்டுக் குளிப்பாட்டிக்கிட்டு இருக்கேன். முடிஞ்சதும் கதவத் தொறக்கறேன்னு சொல்றா."

சொன்னபடியே செய்தாள். அம்மா சீனத்தில் வழி சொல்ல, முக்காலியை மறுபடி கதவடிக்கு இழுத்துப் போட்டு, ஏறி, தாழ்ப்பாளைத் தள்ளினாள். நுரையோடு என் போனை என்னிடம் நீட்டினாள். நான் அதை வாங்கினேனா, கீழே போட்டேனா, நினைவில்லை. குழந்தை ஈரக் கையால் யூலானின் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டு மூன்றே சொல்லில் ஏதோ கேட்டாள். யூலான் விம்மி விம்மி அழுதாள். வெகுநேரம் கழித்துத்தான் எனக்குச் சொன்னாள்.

"அம்மா வந்துட்டியான்னு கேட்டா, டங்கன்."

அக்கா, பதினோரு நாளும் அதே வீட்டில்தான் அவள் அம்மா இருந்தாள்.

இப்போது பேச்சை நிறுத்த முடியவில்லை. பஸ் என்பதை இங்கிலீஷில் சொல்கிறாள், வந்தது என்பதைச் சீனத்தில் சொல்கிறாள். பஸ் வரத்தான் செய்கிறது. ஆகவே என் முடிவைக் கேட்டுக்கொள். யூலான் தன் பிள்ளையோடு தன் மொழியில்தான் பேசுவாள். கடையில் பேசுவாள், பூங்காவில் பேசுவாள், உன் சாப்பாட்டு மேசையில் பாதிரியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தும் பேசுவாள். எனக்குப் புரியவில்லை என்றால் அது என் பாடு. ஈஸ்டருக்கு நாங்கள் வரப்போவதில்லை. நீயாக யூலானிடம் ஒரு வார்த்தை சொல்லும் வரை நீயும் இந்தப் பக்கம் வர வேண்டாம். இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்க நான் இருக்கிறேன், உன் உதவி எங்களுக்கு எந்த மொழியிலும் தேவையில்லை.

அத்தானுக்கு என் அன்பு. உங்கள் பக்கம் இந்த வருடம் நல்ல மழை பெய்யட்டும். பிடிவாதம் நம் அம்மாவிடமிருந்து இருவருக்கும் சரிபாதியாக வந்தது. என் பாதியை இப்போதுதான் முதன்முதலாக எடுத்துச் செலவழிக்கிறேன், பொறுத்துக்கொள்.

இப்படிக்கு,
ஒரு சொல்லையும் திரும்பப் பெறாத உன் தம்பி,
டங்கன் மோவாட்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் யூலான் வேலை முடிந்து வந்தாள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு முழுவதையும் படித்துக் காட்டினேன். செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"நல்லா எழுதியிருக்க. ஆனா அண்ணி வெள்ளிக்கிழமை வர்றாங்களே."

"யாரு கூப்பிட்டது?"

"நான்தான். நேத்து என் போன்ல கூப்பிட்டாங்க. குளியலறையில நடந்ததைச் சொன்னேன், மன்னிப்புக் கேட்டாங்க. அவங்களும் அழுதாங்க, நானும் அழுதேன். எனக்குப் பரீட்சை வருது, ரெண்டு வாரம் வந்து நிங்நிங்கைப் பாத்துக்கங்கன்னேன். அவகிட்ட இங்கிலீஷ் மட்டும்தான் பேசணும்னும் சொல்லிட்டேன்."

"இங்கிலீஷுக்குத்தான் நான் இருக்கேனே."

"நீ ஒரு நாளைக்குப் பேசறது ஆறு வார்த்தை, டங்கன். அதுல நாலு 'ம்'. சீனத்துக்கு நான் இருக்கேன். இங்கிலீஷுக்கு வாயே மூடாத ஆள் ஒண்ணு வேணும். உங்க அக்காவை விட்டா யாரு?"

ஆகவே மேலே எழுதிய எதையும் நீ படிக்க வேண்டாம். இருந்தும் ஏன் அனுப்புகிறேன் என்றால், என் வாழ்நாளில் நான் இவ்வளவு சேர்த்துப் பேசியது இதுதான். எனக்கும் பேச வரும் என்று யூலானிடம் சொல்ல நீதான் சாட்சி. வெள்ளிக்கிழமை பஸ் நாலு பத்துக்கு வருகிறது. நிலையத்தில் நான்தான் நிற்பேன். பேச்சை நீயே ஆரம்பி.